காலையில் மட்டும் கேட்கும் சத்தம்: பழைய வண்டியை விற்பவர் எதைச் சொல்ல வேண்டும்?

நான் விற்ற காரில் ஒரு குறை இருந்தது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால், முதல் 10 நிமிடங்களுக்கு இரண்டாவது கியர் மட்டும் ‘கர்ர்’ என்று கடித்துக்கொண்டுதான் விழும். கியர் பெட்டிக்குள் சுழலும் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுக்கொன்று இணங்கச் செய்கிற வளையம் தேய்ந்துவிட்டால் இப்படி ஆவதுண்டு. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த வளையத்தால் அந்த வேலையைச் செய்ய முடிவதில்லை. ஆயில் சூடேறி இளகிய பிறகு ஒருவாறு சமாளித்துக்கொள்கிறது. வண்டி பார்க்க வருகிறவர்களோ பெரும்பாலும் முற்பகலிலோ மாலையிலோதான் வருகிறார்கள். அதற்குள் நான் ஒருமுறை வெளியே போய் வந்திருந்தால் போதும், அவர்கள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அந்தச் சத்தம் காதில் விழாது. எனக்குத் தெரிந்திருந்த அது, நான் வாயைத் திறந்தாலன்றி அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

ஒருவரிடமிருந்து இன்னொருவர் நேரடியாகப் பழைய வண்டி வாங்கும்போது இந்த இடைவெளி எப்போதும் இருக்கும். விற்பவர் அந்த வண்டியோடு சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். வாங்குபவர் அதனோடு அரை மணி நேரம் பழகுகிறார். பொருளியலில் இதற்குத் தகவல் சமச்சீரின்மை என்று பெயர். ஒரே பொருளைப் பற்றி ஒருவருக்கு நிறையவும் மற்றவருக்குக் குறைவாகவும் தெரிந்திருக்கும் நிலையை இது குறிக்கிறது. இந்தக் கருத்தை உலகம் கவனிக்கும்படி எழுதிக் காட்டிய ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், 1970இல் வெளியான தம் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்ச் சந்தைதான். அந்தக் கட்டுரையை முதலில் சில ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. அவற்றில் ஒன்றுக்கு அது அற்பமான விஷயமாகப் பட்டதாம். 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதை எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ரகத்தில் ஒரே ஆண்டைச் சேர்ந்த வண்டிகள் பல விற்பனைக்கு வந்திருக்கின்றன என்றும், அவற்றில் நல்ல வண்டியின் மதிப்பு 100, கெட்ட வண்டியின் மதிப்பு 50 என்றும், இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். எது எது என்று பிரித்தறிய முடியாத வாங்குபவர் சராசரியாக 75க்கு மேல் தர மாட்டார். கெட்ட வண்டிக்காரருக்கு 75 என்பது கொள்ளை லாபம், நல்ல வண்டிக்காரருக்கோ நஷ்டம். ஆகவே நல்ல வண்டிக்காரர்கள் ‘இந்த விலைக்கு விற்பதைவிட நாமே ஓட்டிக்கொள்ளலாம்’ என்று ஒவ்வொருவராக விலகுகிறார்கள். மிச்சமிருப்பவற்றில் கெட்டவை கூடிப்போவதால், வாங்குபவர்கள் தரத் துணியும் விலை இன்னும் இறங்குகிறது, இன்னும் சிலர் விலகுகிறார்கள். கடைசியில் விலை 50க்கு அருகில் வந்து நிற்கும்போது சந்தையில் நல்ல வண்டியே இருப்பதில்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒருவர்கூடப் பொய் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் சும்மா இருந்தாலே போதும்.

நேர்மையாகக் குறையைச் சொல்வதால் விற்பவருக்கு நஷ்டம் என்ற பொதுவான எண்ணத்தை இந்தக் கணக்கின் வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எதுவும் சொல்லாதவரின் வண்டியையும் வாங்குபவர் குறையற்ற வண்டியாக மதிப்பதில்லை. எந்தக் குறை இருக்குமோ என்ற அச்சத்துக்கும் ஒரு தொகையைத் தம் மனத்துக்குள் கழித்துவிட்டுத்தான் அவர் பேரம் பேச வருகிறார். குறையின் பெயரும் அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் தெரிந்துவிட்டால் அந்தக் கழிவுக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. தெரியாத குறைக்கு எல்லை கிடையாது.

இனி மறைத்தல் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் ‘நான் பொய் எதுவும் சொல்லவில்லையே’ என்று மனசாரச் சொல்கிறவர்களில் பலர் வேறொன்றைச் செய்திருப்பார்கள். மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைப்பதும், விபத்தில் நசுங்கிய வண்டியை ‘ஒரு கீறல்கூட விழுந்ததில்லை’ என்று சொல்வதும் அப்பட்டமான பொய்கள். அவற்றைப் பற்றி விளக்க ஒன்றுமில்லை. அரை உண்மை அதைவிடத் தந்திரமானது. ‘போன மாதம்தான் ரேடியேட்டர் புதிதாக மாற்றினேன்’ என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் எஞ்சின் அதிகமாகச் சூடேறியதால்தான் அதை மாற்றினார், மாற்றிய பிறகும் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது, எஞ்சின் தலைப்பகுதியின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டை மெக்கானிக் சந்தேகிக்கிறார் என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. கேட்பவர் அதைக் குறையாகக் கேட்காமல், நன்றாகப் பராமரித்ததற்கு அத்தாட்சியாகக் கேட்டுக்கொள்கிறார்.

செயலால் மறைப்பது மூன்றாவது வகை. இதில் வாய்க்கு வேலையே இல்லை. காலையில் எஞ்சின் எழுப்பும் கடகட ஒலி கேட்காமலிருக்க, வாங்குபவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். தேய்ந்த எஞ்சினின் இரைச்சலையும் நீலப் புகையையும் கொஞ்ச நாளைக்கு அடக்குவதற்குக் கெட்டியான ஆயிலை ஊற்றுவார்கள். டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியை வைத்து அழித்துவிடுவதும் உண்டு. பழுது அப்படியே இருக்க, விளக்கு மட்டும் சில நாட்கள் கழித்து வாங்கியவர் வீட்டில் மறுபடி எரியும். இந்தக் கடைசி வித்தையை விவரம் தெரிந்தவர் பிடித்துவிடுவார் என்பதையும் சொல்ல வேண்டும். கோளாறுப் பதிவுகளை அழிக்கும்போது வண்டியின் கணினி தன் சுயசோதனைகளின் முடிவுகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. அவை பல ஓட்டங்களுக்குப் பிறகே மீண்டும் நிறைவடையும். ஸ்கேனரைச் செருகியதும் ‘சோதனை முடியவில்லை’ என்று வரிசையாக வந்தால், அண்மையில் பதிவு அழிக்கப்பட்டதா, பேட்டரி கழற்றப்பட்டதா என்று அவர் கேட்கத் தொடங்குவார். துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பதும் இதே ரகம்தான். தொழிற்சாலையில் அடிக்கும் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும், பட்டி பார்த்த இடமோ அதைப் போலப் பல மடங்கு காட்டும், அதை அளக்கும் சிறு கருவி கைக்குள் அடங்கிவிடும்.

எஞ்சியிருப்பது வெறும் மௌனம். சிக்கலான கேள்வியும் இதுதான். கேட்காததைச் சொல்ல வேண்டுமா?

சட்டம் இதற்குத் தரும் விடை நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் தரும் உதாரணங்கள், எந்த நாட்டவரும் யோசித்துப் பார்க்கத் தக்கவை. அன்றைய வண்டி குதிரை என்பதால் உதாரணமும் குதிரைதான். நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே குதிரையை வாங்குபவர் அவருடைய மகள், சட்டப்படி மேஜராகும் வயதை இப்போதுதான் எட்டிய ஓர் இளம்பெண், என்றால் அந்த உறவே அவரைச் சொல்லக் கடமைப்பட்டவராக்குகிறது. மூன்றாவதாக, வாங்குபவர் ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்’ என்கிறார், விற்பவர் பேசாமல் நிற்கிறார். இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

மூன்று இடங்களிலும் குதிரை ஒன்று, நோய் ஒன்று, மௌனம் ஒன்று. மாறுவது, எதிரே நிற்பவர் விற்பவரை எவ்வளவு நம்பிக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டுமே. பழைய வண்டி வாங்க வீட்டு வாசலுக்கு வருகிறவர் ஏலத்தில் கைதூக்குபவரைப் போன்றவரா, அல்லது ‘நீங்கள் மறுக்காவிட்டால்’ என்று கேட்பவரைப் போன்றவரா? என் கருத்தில் பெரும்பாலும் இரண்டாமவர்தான். ‘வண்டி எப்படி சார், நல்லா ஓடுதா?’ என்று அவர் சும்மா கேட்பதாக நமக்குத் தோன்றலாம். அவர் கேட்பது அந்த மூன்றாவது கேள்வியை. அதற்கு ‘நீங்களே ஓட்டிப் பாருங்களேன்’ என்று சாவியை நீட்டுவது, ஓட்டிப் பார்த்தால் தெரியாத குறை ஒன்று இருக்கும்போது, பதிலாக இருக்க முடியாது.

அப்படியென்றால் ஒவ்வொரு கீறலையும் பட்டியல் போட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றி நடந்தாலே தெரிகிற பம்பர் சிராய்ப்பை அவரே பார்த்துக்கொள்வார். டயரின் வயதுகூடப் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கிறது: நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும், 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். கண்ணுக்குத் தெரியும் குறை, தெரியாத குறை என்ற இந்தப் பிரிவு முக்கியமானது. நேர்மையின் சுமை முழுவதும் இரண்டாவதன் மேல்தான் விழுகிறது. காலையில் மட்டும் கேட்பது, மழையில் மட்டும் ஒழுகுவது, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மட்டும் சூடேறுவது, பில்களில் மட்டும் இருப்பது, உங்கள் நினைவில் மட்டும் இருப்பது ஆகியவை எல்லாம் அதற்குள் அடங்கும். எதைச் சொல்வது என்று தடுமாறுகிறவர்கள் தங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இது தெரிந்திருந்தால் அவர் வேறு விலை கேட்டிருப்பாரா, அல்லது வாங்காமலே போயிருப்பாரா? ஆம் என்றால் அது சொல்ல வேண்டியது. வண்டி வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது, எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய கெடு கடந்துவிட்டது, கடன் இன்னும் முடியவில்லை என்பவை அப்படிப்பட்டவை.

உயிரோடு விளையாடும் குறைகளை இந்த விலைக் கணக்குக்குள் கொண்டுவரவே கூடாது. பிரேக் ஆயில் கசிவது, ஸ்டியரிங் ஆடுவது, விபத்தில் வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் புதியது பொருத்தாமல் மூடி மட்டும் ஒட்டியிருப்பது, சேஸிஸ் வளைந்திருப்பது, பைக்காக இருந்தால் முன் ஃபோர்க் கோணியிருப்பது போன்றவற்றைச் சரிசெய்து விற்க வேண்டும். முடியாவிட்டால் ஓட்டத் தகுதியற்றது என்று சொல்லி உதிரிபாகங்களுக்காக விற்க வேண்டும். வாங்குகிறவர் ஒப்புக்கொண்டாலும் அந்த வண்டி எதிரே வருகிற மூன்றாமவரிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை.

சொல்லும் விதத்துக்கு வருவோம். குறையைச் சொல்கிறேன் என்று தொடங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மனத்தில் கள்ளமில்லாமலே சறுக்குகிறார்கள். ‘கொஞ்சம் ஆயில் குடிக்கும்’ என்று ஒருவர் சொல்கிறார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஓர் ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கால் லிட்டரா, அல்லது 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரா? முதலாவது பழைய எஞ்சினில் யாரும் பொருட்படுத்தாதது, இரண்டாவது பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ போய்விட்டதோ என்று சந்தேகப்பட வைப்பது. ‘கடைசி 3,000 கிலோமீட்டரில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் ஊற்றினேன்’ என்று சொன்னால் கேட்பவரின் மெக்கானிக் அதைக் கொண்டு ஏதாவது முடிவுக்கு வர முடியும். அதேபோல ‘சின்ன வேலைதான், நூறோ இருநூறோ ஆகும்’ என்ற ஆறுதலும் விற்பவர் தர வேண்டியதல்ல, அவர் மெக்கானிக்காக இருந்தாலொழிய. அவர் சொல்லக்கூடியது தாம் கண்டதும் கேட்டதும்தான்: என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, எப்போதிலிருந்து, யாரிடம் காட்டினார், அவர் என்ன சொன்னார், அதன் பிறகு என்ன செய்தார் அல்லது செய்யவில்லை.

‘இல்லை’ என்பதற்கும் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் இந்த விஷயத்தில் மிகப் பெரியது. ‘இந்த வண்டி விபத்தில் சிக்கியதே இல்லை’ என்று இரண்டாவது உரிமையாளர் ஒருவர் சொன்னால், தாம் பார்த்திராத ஆண்டுகளுக்கும் சேர்த்து அவர் சாட்சி சொல்கிறார். ‘என்னிடம் இருந்த 6 ஆண்டுகளில் விபத்து எதுவும் இல்லை, அதற்கு முன்பு பற்றி எனக்குத் தெரியாது, நான் வாங்கும்போது இடது பின்கதவில் மட்டும் பெயின்ட் சற்று வேறாக இருந்தது’ என்பது அதைவிட நீளமான வாக்கியம்தான், கேட்க அவ்வளவு இனிமையாகவும் இல்லை. ஆனால் இது உண்மை. முதலில் சொன்னது உண்மையாக இருந்தாலும் தற்செயலாகத்தான் உண்மை. தெரியாது என்று சொன்னால் வாங்குபவர் சந்தேகப்படுவாரே என்று தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை, எல்லாவற்றுக்கும் ‘ஒண்ணுமே இல்லை சார், சூப்பர் கண்டிஷன்’ என்கிறவரிடம்தான் சந்தேகம் கூடுகிறது. எதிர்ப்பக்கமாகச் சறுக்குகிறவர்களும் உண்டு. மனசாட்சிக்குப் பயந்து எல்லாவற்றையும் குறையாக்கி, வண்டியை ஓடாத வண்டி போல வர்ணித்துவிடுவார்கள். அதுவும் சரியான தகவல் அல்ல.

எப்போது சொல்வது என்பதற்குப் பதில் எளிது: வாங்குபவர் செலவு செய்து கிளம்பி வருவதற்கு முன்பு. விளம்பரத்திலேயே எழுதலாம், முடியாவிட்டால் முதல் தொலைபேசிப் பேச்சில் சொல்லலாம். ஒருவர் அரை நாள் விடுப்புப் போட்டு, தெரிந்த மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு வந்து, குடும்பத்தாருக்கும் வண்டி பிடித்துப்போன பிறகு, முன்பணம் கைமாறும் நேரத்தில் ‘ஒரே ஒரு விஷயம்’ என்று ஆரம்பிப்பது சொன்னதாகாது. திரும்பிப் போக மனம் வராது என்ற தைரியத்தில் சொல்வது அது. குறையைக் கூவிக்கொண்டா விற்பார்கள் என்ற கேலி இன்று நேற்றையதல்ல. குறையுள்ள வீட்டை விற்பது பற்றி 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான ஒரு விவாதத்தை ரோமானியரான சிசரோ பதிவுசெய்திருக்கிறார். அதில் விற்பவர் பக்கம் பேசும் டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி, ‘உடலுக்கு ஆகாத வீடு விற்பனைக்கு’ என்று ஏலக்காரன் கூவினால் அதைவிட அபத்தம் உண்டா என்று கேட்கிறார். கேள்வி வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் கடிக்கும், விலை அதற்கேற்பக் குறைக்கப்பட்டுள்ளது’ என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்ப்பதில் எந்த அபத்தமும் எனக்குத் தெரியவில்லை. தேவையற்ற அழைப்புகள் பாதியாவது குறைந்தன என்பதுதான் என் அனுபவம்.

அந்த வரியின் பின்பகுதியையும் கவனியுங்கள். குறையை முன்பே விலையில் கழித்திருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வந்தவர் அதையே காட்டி இரண்டாம் முறையும் கழிப்பார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒரு பட்டறையில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், பேச்சு அந்தத் தாளைச் சுற்றியே நடக்கும்.

சொன்னதை எழுதியும் வைக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு சொற்றொடர் சேர்த்துவிட்டால் எல்லாப் பொறுப்பும் கழிந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது பிறகு வருகிற பழுதுகளுக்கு விற்பவரைப் பொறுப்பாக்காமல் காக்கலாம். தெரிந்தே சொன்ன பொய்க்கு அது கேடயமாகும் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது. தெரிந்த குறைகளை வரிசையாக எழுதி, தேதியும் கிலோமீட்டர் அளவும் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்வது வாங்குபவருக்கு மட்டும் பயன்படுவதல்ல. ‘இதை நீங்கள் சொல்லவே இல்லையே’ என்று ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து நின்றால் விற்றவரைக் காப்பாற்றப்போவதும் அந்தத் தாள்தான்.

என் காரை வாங்கியவரைக் காலை 7 மணிக்கே வரச் சொன்னேன். முந்தைய மாலைக்குப் பிறகு வண்டியை எடுக்கவில்லை. அவர் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது, ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். தெருமுனை தாண்டி இரண்டாவது கியரைப் போட்டதும் நான் சொன்ன அதே ‘கர்ர்’. “நீங்க சொன்னப்ப இவ்வளவு இருக்காதுன்னு நினைச்சேன் சார்” என்றார். அவர் கேட்டதால் இன்னும் கொஞ்சம் விலையைக் குறைத்தேன், ஆனால் அவர் கேட்டதில் பாதிதான். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து நான்கு குறைகளை எழுதினேன்: கியர், தேய்ந்த பின் டயர்கள், சரியாகக் குளிராத ஏசி, நான் வாங்கும்போதே ஒரு கதவில் சற்று வேறாக இருந்த பெயின்ட். “வேற ஏதாவது இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே அவர் பேனாவை வாங்கினார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், மழை பெய்தால் இடது முன் கண்ணாடி பாதி வழியில் நின்றுவிடும் என்பது நினைவுக்கு வந்தது. மழைக்காலம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்ததால் அடியோடு மறந்திருந்தேன். பேனாவைத் திரும்ப வாங்கி ஐந்தாவது வரியாக அதையும் எழுதினேன்.